சுரங்கம் தேடிப் போன கடற்கரை: சார்தீனியாவில் அப்பாவும் நானும்

சனி இரவு, சான்ட் அந்தியோகோ

இத்தாலியின் சார்தீனியாத் தீவு என்று சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டினார்கள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், வெள்ளை மணல், தள்ளி ஒரு சொகுசுப் படகு. அது தீவின் வடகிழக்கு மூலை. 1962இல் பெருஞ்செல்வர் ஆகா கானும் அவர் கூட்டாளிகளும் நிலம் வாங்கிக் கட்டத் தொடங்கிய கோஸ்தா ஸ்மெரால்தா. நாங்கள் வந்திருப்பது அதற்கு நேர் எதிர் மூலையான தென்மேற்குக் கரைக்கு. இங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அந்த மலைக்குள் நூறு வருடத்துக்கும் மேலாக ஈயமும் துத்தநாகமும் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

இந்த மூலைக்கு வந்ததற்குக் காரணம் அப்பா. நெய்வேலி முதல் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாத விசாவில் ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்டுக்கு வந்தவரைக் கோட்டைகளுக்கும் தேவாலயங்களுக்கும் அழைத்துப் போனேன். எனக்காக எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருநாள் இந்தக் கரையில் இருக்கும் போர்த்தோ ஃபிளாவியாவின் படத்தைக் காட்டினேன். கடலுக்கு மேலே செங்குத்தான பாறை, அதன் நடுவில் ஒரு வாசல். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இது என்னம்மா, டிஸ்சார்ஜ் பாயிண்டா? கப்பல்ல நேரா கொட்டினாங்களா?" என்றார். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

தீவின் தலைநகர் காலியரியில் இறங்கி ஒரு சின்ன வேனை வாடகைக்கு எடுத்தோம். உள்ளே ஒரு மெத்தை, ஒரு சிங்க், இரண்டு பர்னர் அடுப்பு. மெத்தை அப்பாவுக்கு. வேனை ஒட்டிப் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு கூடாரம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மொலென்தார்ஜியஸ் உப்பளத்தைச் சுற்றி வந்தோம். 1985இல் உப்பு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1993 முதல் பூநாரைகள் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. பின்னால் அடுக்குமாடி வீடுகள், முன்னால் ஆழமில்லாத நீரில் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். கோடியக்கரைக்கு வருகிற அதே பெரிய பூநாரை இனம்தான்.

தீவு பெரிது. ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கையில் ஒரு வாரம்தான். அதனால் முழுத் தீவையும் சுற்றும் ஆசையை விட்டுவிட்டு, இந்த மூலையில் ஆரம்பித்து மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறுவதாகத் திட்டம்.

கூடாரத்தோடு வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பிடித்த கடற்கரையில் இறங்கிக் கூடாரம் அடிக்கக் கூடாது, அபராதம் உண்டு. அனுமதி பெற்ற கேம்பிங் தளத்தில்தான் தங்க வேண்டும். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை வெட்டவெளியில் நெருப்பு மூட்டவும் தடை. இப்போது மே கடைசிதான், ஆனாலும் தளத்தில் யாரும் விறகைத் தொடவில்லை. 2021 ஜூலையில் மொந்திஃபெர்ரு மலைப் பக்கம் பிடித்த காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஒலிவத் தோப்பும் காடும் போயின. குல்யேரி ஊரில் ஆயிரம் வருடம் தாண்டி நின்ற ஒலிவ மரமும் அதில் கருகியது. அந்த நினைப்பு இங்கே இன்னும் ஆறவில்லை.

ஞாயிறு இரவு, சான்ட் அந்தியோகோ

இன்று முழுக்கக் கார்போனியா.

ஊரின் பெயரிலேயே கரி இருக்கிறது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த பிறகு இத்தாலி மீது பொருளாதாரத் தடை வந்தது. இனி எல்லாவற்றையும் சொந்த மண்ணிலிருந்தே எடுப்போம் என்று பாசிச அரசு கிளம்பியது. கரி கிடைத்த இடத்தில் ஓர் ஊரையே கட்டி எழுப்பி, 1938 டிசம்பர் 18 அன்று முசோலினியே வந்து திறந்துவைத்தார். நடுவில் சதுக்கம், ஒரு கோபுரம், தேவாலயம், நகராட்சி. அங்கிருந்து பிரியும் தெருக்களில் நான்கு குடும்பத்துக்கு ஒரு கட்டடம், ஒவ்வொன்றுக்கும் தோட்டம். அதிகாரிகளுக்குத் தனி வீடு.

சதுக்கத்தைத் தாண்டி இரண்டு தெரு நடந்திருப்போம். அப்பா நின்றுவிட்டார்.

"டவுன்ஷிப்தான்மா இது. பிளாக் பிளாக்கா பிரிச்சிருக்கான் பாரு. நம்பர்தான் எழுதல."

எனக்கும் அது உறைத்தது. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேர்க்கோட்டுத் தெருவும், வீட்டின் அளவைப் பார்த்தே அப்பாவின் கிரேடு தெரிந்துவிடுவதும். 1956இல் நிறுவனம் தொடங்கி, வெறும் காடாகவும் வயலாகவும் இருந்த இடத்தில் உண்டான ஊர் எங்களுடையது. இங்கேயும் இத்தாலியின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருக்கிறார்கள். ஊரைக் கட்டியவர்களின் நோக்கம் வேறு, ஆட்சி வேறு. ஆனால் ஒரு கனிமத்துக்காகப் பிறந்த ஊரின் உடல்வாகு உலகமெங்கும் ஒன்றுதான் என்று தோன்றியது.

செர்பரியு சுரங்கம் ஊரின் ஓரத்தில். 1937 முதல் 1964 வரை ஓடியது. பாதாளத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, மிக ஆழமான இடம் 179 மீட்டர். இப்போது கரி அருங்காட்சியகம். பழைய விளக்கறையில்தான் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடிந்து விளக்கு திரும்பி வராவிட்டால் ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். அப்பா அந்த விளக்கு ஒவ்வொன்றுக்கும் அருகில் போய் நின்றார்.

பிறகு நிஜமான சுரங்கப்பாதைக்குள் கூட்டிப் போனார்கள். 1930களில் கடப்பாறையால் வெட்டியது, பிறகு காற்றழுத்த டிரில், அதற்குப் பிறகு பெரிய வெட்டு இயந்திரம் என்று வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கூரைக்கு முட்டுக் கொடுக்க ஆரம்பத்தில் மரம், பிற்பாடு இரும்பு. அப்பா டிரில்லைக் கையில் பிடித்துப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அப்பா தூக்கிப் பார்த்து உடனே இறக்கிவிட்டார்.

வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். "நம்மது திறந்தவெளிச் சுரங்கம். எவ்ளோ ஆழம் போனாலும் தலைக்கு மேல வானம் இருந்துச்சு. மழைன்னா நனைவோம், வெயில்னா காய்வோம்னு திட்டுவேன். இவங்களுக்கு அந்த வெயிலே கிடைக்கலியே."

சுரங்கம் மூடியதும் இந்த ஊர்க்காரர்கள் பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போயிருக்கிறார்கள். போன இடத்திலும் பலருக்குக் கிடைத்தது சுரங்க வேலைதான். சதுக்கத்தில் கிழவர்கள் நால்வர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கள், கார்லோஃபோர்தே

வேனைத் தளத்திலேயே விட்டுவிட்டு, கலசெத்தாவிலிருந்து படகில் அரை மணி நேரம். சான் பியெத்ரோ என்ற சின்னத் தீவு, அதில் இருக்கும் ஒரே ஊர் கார்லோஃபோர்தே.

இந்த ஊர்க்காரர்கள் சார்தீனியர்கள் அல்ல. இவர்களுடைய முன்னோர் ஜெனோவா பக்கத்திலிருந்து பவளம் எடுக்கத் துனீசியக் கரையின் தபர்காவுக்குப் போய்க் குடியேறியவர்கள். அங்கே பிழைப்பு நொடித்ததும் 1738இல் இங்கே வந்து ஊர் கட்டினார்கள். இன்றைக்கும் வீட்டில் பேசுவது ஜெனோவா வழிப் பேச்சுதான். 1798இல் துனீசியக் கடற்கொள்ளையர் வந்து ஏறத்தாழ 900 பேரை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். மீட்டுக்கொண்டுவர ஐந்து வருடம் ஆனது. இவ்வளவும் நடந்த ஊர், துறைமுகத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு அமைதியாக நிற்கிறது.

மே, ஜூன் மாதங்களில் சூரை மீன் வலை போடுவார்கள். கடலுக்குள் அறை அறையாக வலை கட்டி, கரையோரம் வரும் மீனை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓட்டிக் கடைசி அறையில் பிடிக்கும் பழைய முறை இங்கே இன்னும் இருக்கிறது. மதியம் சூரைத் துண்டும், காய்கறி போட்ட கஸ்காவும் சாப்பிட்டோம். கஸ்கா என்பது வட ஆப்பிரிக்காவிலிருந்து இவர்களோடு வந்த கூஸ்கூஸ். அப்பா இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

ஆனால் நான் இங்கே வந்தது வேறு ஒரு கதைக்காக. எதிரே தெரியும் பெரிய தீவின் மலைகளில் வெட்டிய தாதுவை ஏற்றக் கரையில் துறைமுகம் கிடையாது. கார்லோஃபோர்தே ஆட்கள்தான் முக்கோணப் பாய் கட்டிய படகுகளை அந்தக் கடற்கரைகளில் இழுத்துப் போட்டு, கூடை கூடையாகத் தாதுவைத் தோளில் சுமந்து ஏற்றுவார்கள். படகு நிரம்பியதும் இந்தத் துறைமுகத்துக்கு ஓட்டிவந்து, பெரிய கப்பலில் மறுபடியும் கூடையால் ஏற்ற வேண்டும். கலன்சியேரி என்று அவர்களுக்குப் பெயர். காற்று மாறினால் படகு போகாது. ஒரு கப்பலை நிரப்ப வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். எத்தனையோ படகுகள் சரக்கோடு மூழ்கியிருக்கின்றன. நாளைக்குப் பார்க்கப் போவது, அந்த வேலைக்கு ஒரே நாளில் முற்றுப்புள்ளி வைத்த இடம்.

செவ்வாய் இரவு, மாசுவா

இக்லெசியாஸ் வழியாக வந்தோம். ஊருக்கு வெளியே மொந்தேபோனி சுரங்கத்தின் சிவப்புச் சேற்று மேடு ரோட்டிலிருந்தே தெரிகிறது. அப்பா முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி. நெய்வேலியில் கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும். நின்றால் சுரங்கத்தின் தரையையே அது தூக்கிவிடும். அதனால் எந்தச் சுரங்கத்தைப் பார்த்தாலும் அவருக்கு அதே கேள்வி. இங்கேயும் அதே பகைதான். நீரைக் கடல் பக்கம் வடிக்க 1880இலிருந்து 1889 வரை உம்பெர்த்தோ பிரிமோ என்ற வடிகால் சுரங்கத்தையே குடைந்தார்கள். பிறகு ஆழம் போகப் போகப் பெரிய பம்புகள். 1997இல் பம்புகளை நிறுத்தினார்கள். நீர் மெல்ல ஏறி அடித்தளங்களை மூடிவிட்டது. "நிறுத்துன அன்னிக்கு அந்த பம்ப் ஹவுஸ்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு நெபிதா வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

நெபிதாவில் பாறை விளிம்பை ஒட்டி நடைபாதை. கீழே கடலோரச் சரிவில் 1897இல் கட்டிய லாமர்மோரா தாது கழுவும் ஆலை. கூரை போய்விட்டது, வளைவு ஜன்னல்கள் மட்டும் நிற்கின்றன, ஒவ்வொரு ஜன்னலிலும் கடல். இறங்கிப் போக நீளமான படிக்கட்டு. அப்பாவின் முழங்காலை நினைத்து மேலிருந்தே பார்த்தோம்.

பிறகு மாசுவா. போர்த்தோ ஃபிளாவியாவுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பே பதிவு செய்ய வேண்டும். தலைக்கவசம் கொடுத்தார்கள். அப்பா வாங்கிய மறுநொடி உள்ளே இருக்கும் பட்டையைத் தன் தலைக்குச் சரிசெய்து, தாடை வாரை இழுத்துப் பூட்டினார். யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரருக்கும் அவரே பூட்டிவிட்டார்.

மாசுவா சுரங்கத்தின் இயக்குநர் பொறியாளர் சேசரே வெச்செல்லி. பெல்ஜிய நிறுவனத்துக்காக 1922இல் வேலையைத் தொடங்கி 1924இல் முடித்தார். பாறைக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சுரங்கப்பாதைகள், தலா 600 மீட்டர். மேல் பாதையில் மின்சார ரயில் தாதுவைக் கொண்டுவந்து கொட்டும். இரண்டுக்கும் நடுவே மலையைக் குடைந்து ஒன்பது செங்குத்துச் சைலோக்கள். அவற்றில் ஏறத்தாழ 10,000 டன் தாதுவைச் சேர்த்து வைக்கலாம். கப்பல் வந்ததும் சைலோவின் அடியைத் திறந்தால் தாது தன் எடையிலேயே கீழ்ப்பாதையின் கன்வேயர் பெல்ட்டில் விழும். பெல்ட் அதைப் பாறை முகப்புக்குக் கொண்டுவர, அங்கிருந்து வெளியே நீளும் கை கப்பலின் வயிற்றுக்குள் கொட்டும். மணிக்கு 500 டன். மாதக்கணக்கில் நடந்த வேலை இரண்டு மூன்று நாளில் முடிந்தது.

இதையெல்லாம் வழிகாட்டி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. சைலோவின் அடிவாயைக் காட்டியபோது அப்பா அருகில் போய்க் குனிந்து பார்த்தார். கல் சுவரில் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து மின்னியது. விரலால் தடவிக் காட்டினார். "இந்தப் பக்கமாத்தான் சரக்கு எறங்கியிருக்கு. ஈயத் தாது கனம், கல்லையே இழைச்சிருக்கு பாரு." நனைந்தால் தாது கட்டியாகி அடைத்துக்கொள்ளுமே, அதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்கச் சொன்னார். வழிகாட்டி அவரைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் சுரங்கத்துக்காரரா என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரமும் இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

பாதையின் முடிவில் திடீரென்று வெளிச்சம். நாம் நிற்பது கடலுக்கு மேலே தொங்கும் முகப்பு. எதிரே பான் தி சுக்கெரோ, 133 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து எழும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அலை அதன் அடியில் குகை குடைந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் பார்த்த கடல்காட்சியிலேயே இதுதான் பெரிது. இந்த இடத்துக்குள் உழைத்துவிட்டு வந்து நின்று பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணாமல் பார்க்க முடியவில்லை. காற்றுக்காகக் காத்திருந்த கார்லோஃபோர்தே படகுக்காரர்களுக்கு இந்த வாசல் பிழைப்பின் முடிவு. அந்தக் கூடைகளைச் சுமந்த முதுகுகளுக்கு விடுதலையும்கூட. இரண்டும் உண்மை.

ஃபிளாவியா என்பது வெச்செல்லியின் மகளுடைய பெயர். அதை அப்பாவிடம் கடைசியில்தான் சொன்னேன். "நம்ம எக்ஸ்கவேட்டருக்கெல்லாம் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

புதன் இரவு, பிஷினாஸ்

மாசுவாவிலிருந்து புஜ்ஜெர்ருவுக்கு மலைமேல் ஏறி இறங்கும் ரோடு. முதல் கியரும் இரண்டாவது கியரும்தான்.

புஜ்ஜெர்ரு சின்ன ஊர். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் சுரங்கத்துக்காகவே எழுந்தது. பாரிஸை மையமாகக் கொண்ட மால்ஃபிதானோ நிறுவனம் நடத்தியது. அதிகாரிகளின் குடும்பங்கள் இங்கே பாரிஸ் வாழ்க்கை வாழ்ந்தன. தொழிலாளிகள் நிறுவனத்தின் வீட்டில் இருந்து, நிறுவனத்தின் கடையில் வாங்கி, நிறுவனத்துக்கே கடன்பட்டுக் கிடந்தார்கள். 1904 செப்டம்பரில், வெயில் இன்னும் குறையாத நேரத்தில், மதிய இடைவேளையில் ஒரு மணி நேரத்தை வெட்டி இயக்குநர் உத்தரவு போட்டார். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ராணுவம் வந்தது. செப்டம்பர் 4 அன்று, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, வெளியே கூடியிருந்தவர்கள் மீது சுட்டார்கள். உயிர்கள் போயின, பலருக்குக் காயம். அந்தச் செய்தி மிலானை எட்டியதும் அதே மாதத்தில் இத்தாலி முழுவதும் வேலைநிறுத்தம். அந்த நாட்டின் முதல் பொது வேலைநிறுத்தம் அதுதான்.

ஒரு மணி நேர ஓய்வு. வெளியிலிருந்து கேட்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அப்பாவுக்கு அப்படித் தெரியவில்லை. "ஷிஃப்ட்ல அந்த ஒரு மணி நேரந்தான்மா நம்ம நேரம். மத்ததெல்லாம் அவங்க நேரம்." நினைவிடத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும்.

கலேரியா ஹென்றி என்ற பழைய ரயில் சுரங்கப்பாதைக்குள் போனோம். 1865இல் குடைந்தது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இடையிடையே பாறையைத் திறந்து கடலைப் பார்க்கும் பால்கனிகள். அழகு. அதற்கு மேல் சொல்ல இன்றைக்கு மனம் வரவில்லை.

மதியம் ஃபுளூமினிமஜோரே தாண்டி மலை ரோட்டில் வந்து, இங்குர்தோசுவில் மண் ரோட்டில் இறங்கினோம். இரு பக்கமும் கைவிட்ட கட்டடங்கள், நரக்கௌலியில் பிராசி தாது ஆலையின் இடிபாடு. கடைசியில் பிஷினாஸ். மணல் குன்றுகள் கடலிலிருந்து உள்நாட்டுக்கு ஏறிப் போகின்றன, சில அறுபது மீட்டரைத் தாண்டும். மேலே ஜூனிப்பர் மரங்கள் காற்றுக்கு வளைந்து படுத்திருக்கின்றன.

இரவுச் சாப்பாடு, ஃப்ரெகொலா உப்புமா. ஃப்ரெகொலா என்பது ரவையை உருட்டி அடுப்பில் வாட்டி எடுத்த சிறு மணிகள், இந்தத் தீவின் சாப்பாடு. கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து டப்பாவில் வந்தவை. ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்தால் உதிரியாக வருகிறது. வாட்டிய வாசனை தாளிப்போடு நன்றாகச் சேர்ந்தது.

வியாழன் மாலை, பிஷினாஸ்

நேற்று நள்ளிரவில் மேஸ்ட்ரால் அடிக்க ஆரம்பித்தது. வடமேற்கிலிருந்து வரும் காற்று. கூடாரத்தின் முளைகள் மணலில் நிற்கவில்லை. பின்னிரவில் அப்பா வேன் கதவைத் திறந்து, "உள்ள வா, துணிதானே, போனா போவட்டும்" என்றார். கூடாரத்தை மடித்து வைத்துவிட்டு வேனிலேயே படுத்தேன். காலையில் எல்லாவற்றிலும் மணல், அரிசி டப்பாவில்கூட.

கடற்கரையின் இரு முனைகளிலும் இரண்டு ஓடைகள் கடலில் சேர்கின்றன. அவற்றில் ஒன்றின் தண்ணீர் துருச் சிவப்பு. மலையில் குவித்துவிட்டுப் போன சுரங்கக் கழிவின் ஊடாக வருவதால் இரும்பும் மற்ற உலோகங்களும் கரைந்து வருகின்றன. கல், மணல், நாணல் வேர் எல்லாவற்றிலும் அந்தச் செம்மண் நிறப் படிவு. கடலில் சேரும் இடத்தில் ஆரஞ்சும் நீலமும் கலக்கும் காட்சியைப் பலர் படம் எடுக்கிறார்கள். நிறம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கால் நனைக்கக் கூடாது, குழந்தைகளை விடவே கூடாது. சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஆறு இப்படித்தான் ஓடுகிறது. தாது எடுக்கும்போதே, எடுத்த பிறகு நிலத்தை யார் சரிசெய்வது என்று எழுதி வாங்க வேண்டும். நெய்வேலிப் பெண்ணாக இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பகலில் மொந்தேவெக்கியோ. 1848இல் ஜொவான்னி அந்தோனியோ சான்னா உரிமம் பெற்ற இடம், 1991இல் மூடியது. இயக்குநரின் மாளிகையையும் நீராவி இயந்திர அறையையும் காட்டுகிறார்கள். எனக்கு மனதில் நின்றவர்கள் தாது பிரிக்கும் பெண்கள். வெட்டி வந்த கல்லைச் சுத்தியால் உடைத்து, தாதுவைத் தனியே பொறுக்குவது அவர்கள் வேலை. பத்து வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். ஆண்களுக்குக் கொடுத்ததைவிட மிகக் குறைந்த கூலி. 1871 மே மாதம் ஒரு தண்ணீர்த் தொட்டி இடிந்து அவர்கள் படுத்திருந்த கூடத்தின் மீது விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். மாளிகையின் சித்திர வேலைப்பாட்டைக் காட்ட எடுக்கும் நேரத்தில் பாதியாவது அந்தப் பெண்களுக்கு ஒதுக்கலாம்.

வெள்ளி இரவு, காப்ராஸ் அருகே

சமவெளி. ரோடு நேராக ஓடுகிறது, வேனுக்கும் எனக்கும் ஓய்வு.

காப்ராஸ் அருங்காட்சியகத்தில் மோந்தே பிராமா கல்வீரர்கள். 1974இல் உழுதுகொண்டிருந்த விவசாயிகளின் கலப்பையில் முதல் துண்டு சிக்கியது. கிடைத்தவை ஆயிரக்கணக்கான உடைசல்கள். பல வருடம் கிடங்கில் கிடந்து, 2007க்குப் பிறகுதான் ஒட்டிச் சேர்க்கும் வேலை முழுமூச்சில் நடந்தது. ஏறத்தாழ மூவாயிரம் வருடத்துக்கு முன் இந்தத் தீவில் வாழ்ந்த நுராகி மக்களின் கைவேலை. இரண்டு மீட்டர் உயரம், கண்ணுக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிய குத்துச்சண்டைக்காரர் ஒருவர் முன் வெகுநேரம் நின்றோம்.

ஏரிக்கரையில் போத்தார்கா வாங்கினோம். மடவை மீனின் சினைப்பையை உடையாமல் எடுத்து, உப்பிட்டு அழுத்திக் காயவைத்தது. நம் சினைக் கருவாட்டின் பணக்காரத் தம்பி. மெல்லச் சீவிச் சோற்றில் போட்டால் குழம்பே வேண்டாம்.

சாயங்காலம் இஸ் அருத்தாஸ் கடற்கரை. மணல் இல்லை, அரிசி அளவுக்குத் தேய்ந்த படிகக்கல். ஒரு பிடி எடுத்துப் போனாலும் குற்றம். 2017இல் வந்த சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். கிளம்பும்போது அப்பா செருப்பைத் தட்டி, மடிப்பில் சிக்கியதைக்கூட அங்கேயே உதிர்த்துவிட்டு வந்தார்.

சனி, காலியரி

வேனைக் கொடுத்தாயிற்று. விமானத்துக்கு நேரம் இருக்கிறது, அதனால் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

போர்த்தோ ஃபிளாவியாவையும் கலேரியா ஹென்றியையும் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாட்களை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். பிஷினாஸ் மண் ரோட்டில் போக வாடகை வண்டிக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், சில இடங்களில் கிடையாது. இங்குர்தோசுவுக்குப் பிறகு பெட்ரோல் பங்க் கிடையாது, அர்புஸ் ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மணலுக்கென்று தனியாக விற்கும் அகலமான முளைகள் கட்டாயம் தேவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் இருக்கும், மே கடைசியோ செப்டம்பரோ நல்லது. செப்டம்பர் முதல் வாரம் என்றால் நான்காம் தேதி புஜ்ஜெர்ருவில் இருங்கள்.

திசை பற்றி. இங்கே வண்டி வலதுபுறம் ஓடுகிறது. நாங்கள் வந்தது போல் தெற்கிலிருந்து வடக்கே போனால் வண்டி மலைப்பக்கமாகவே போகும், பள்ளத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நிம்மதி. வடக்கிலிருந்து தெற்கே வந்தால் கடல் பக்கம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு முழுக் காட்சியும் கிடைக்கும். அடுத்த முறை அப்படித்தான் வர வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு.